போனவன் சொல், வரப்போகிறவன் சொல்

ஜப்பான்காரன் காலத்தின் கடைசி வருடத்தில், மலாக்காவில் காஜா பெராங் பக்கம் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு இங்கிலீஷ் வாத்தியார் முளைத்தார். முளைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன் வருடம் அவரே நிப்போங்கோ வாத்தியார். கடைக்காரர்களுக்கு ஜப்பான் பாஷையில் வணக்கம் சொல்லவும் எத்தனை பாகை குனிய வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார். குனிவதற்கெல்லாம் வாத்தியார் தேவையில்லை, இரண்டு அறை வாங்கினால் தானாக வந்துவிடும் என்று ஊர் கண்டுகொண்டதும் அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. ஆனால் மாஸ்டர் என்ற பட்டம் மட்டும் அவரிடம் ஒட்டிக்கொண்டது.

சண்டைக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு அமெரிக்கக் கம்பெனியில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்ததாகச் சொல்வார். கிடங்கில் பெட்டிகள்மேல் தகரம் வைத்து மையடித்து ஊர்ப்பெயர் போடுகிற வேலை என்று அங்கிருந்து வந்த வேறொருவர் சொன்னார். எது உண்மையோ. சிங்கப்பூர் விழுந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும், தலையணை கனத்துக்கு ஒரு புத்தகமும் தூக்கிக்கொண்டு மலாக்கா வந்து சேர்ந்தார். அந்தப் புத்தகம் ஒரு அமெரிக்கக் கடையின் சாமான் பட்டியல். பக்கத்துக்குப் பக்கம் படம். அதுதான் அவருடைய பல்கலைக்கழகம்.

அந்த வருடம் உயரத்தில், வெள்ளிக்காசு அளவுக்கு ஒரு விமானம் தெற்கே பறந்து போனதை ஊரில் பாதிப்பேர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு அது விமானமாகத்தான் தெரிந்தது. மாஸ்டருக்கு அதில் வேறொன்று தெரிந்தது.

என் அப்பா சண்டைக்கு முன்னால் ஒரு துரையின் கார் ஓட்டியவர். துரை ஓடிப்போனார், காரை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான், அப்பா டயருக்குள் கயிறு திணித்த ஒரு சைக்கிளோடு மிஞ்சினார். முன்னொரு நாள் துரையின் மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு தமிழ் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அங்கே நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். துரையையே ஓரமாக நிற்கச் சொன்னாளாம். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே நினைப்பு, நான் மிஸ்ஸி ஆக வேண்டும். அதற்கு இங்கிலீஷ் பெண்கள் பள்ளியில் சேர வேண்டும். நான் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை போயிருந்தேன். எனக்குப் பதினோரு வயது நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு தாண்டினால் இங்கிலீஷ் பள்ளியில் எடுக்க மாட்டார்கள் என்று பேச்சு. சண்டை முடிந்த கையோடு சேர்ந்தால் உண்டு, விட்டால் விட்டதுதான்.

எனக்கும் ஆசைதான். அதட்டுகிற வேலைக்கு நான் எப்படிப் போவேன் என்று மட்டும் அப்பா யோசிக்கவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் நெல்மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கிற பெண் நான். நெல் தீர்ந்த பிறகு கதவுக்குப் பின்னால்.

அப்பா மாஸ்டரைக் கேட்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"மாஸ்டர், பாப்பாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க. வெள்ளக்காரன் திரும்பி வந்ததும் ஸ்கூல்ல சேக்கணும்."

"எந்த வெள்ளக்காரன்?"

"எந்த வெள்ளக்காரனா? இருந்தவன்தான்."

மாஸ்டர் சிரித்தார். "சைக்கிள்ல வந்த ஜப்பான்காரன்கிட்ட தோத்து ஓடினவன் திரும்பி வர்றதா? நீங்க ஒண்ணு. இனி வர்றவன் அமெரிக்காக்காரன். மேல பறந்துச்சே, அது அவன் பிளேன்தான். அவன் இங்கிலீஷ் வேற, அய்யா. உங்க துரை இங்கிலீஷ அவன்கிட்ட பேசினா ஸ்கூல் வாசல்லயே நிறுத்திருவான்."

அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுவரை இங்கிலீஷ் என்பது ஒன்றுதான் என்று நினைத்திருந்தவர். அதிலும் இரண்டு உண்டு, தவறான ஒன்றைப் பிடித்தால் மகள் வெளியே நிற்க வேண்டியதுதான் என்றதும் மனிதர் ஆடிப்போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். "வர்றவன் யாரா வேணா இருக்கட்டும். அரிசி கொண்டாருவானா? அதக் கேட்டீங்களா?"

"உனக்கு எப்பப் பாரு அரிசி."

"ஆமா. உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க."

வகுப்பு மாஸ்டர் வீட்டுப் பின்பக்கம், அத்தாப்பு ஓலை வேய்ந்த தாழ்வாரத்தில். இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பித்தாய் காதில் விழுந்தால் நகம் இருக்காது. அதனால் அதைக் கிழங்கு உரிக்கிற இடம்போல் ஆக்கிவைத்திருந்தார். நாங்கள் ஆறு பேர். ஆளுக்கொரு மொட்டைக் கத்தி. நடுவில் மரவள்ளிக்கிழங்குக் குவியல். யாராவது எட்டிப்பார்த்தால், சம்பளம் இல்லாமல் கிழங்கு உரிக்கிற பிள்ளைகள். யாரும் எட்டிப்பார்க்காவிட்டாலும் அதேதான். உரித்த கிழங்கை மாஸ்டரின் மனைவி வேகவைத்து, இடித்து, கூவே என்கிற பலகாரம் செய்து பாலத்தடியில் விற்றுவருவார். ஒரு சொல்லுக்கு எத்தனை கிழங்கு என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால் ரொம்ப விலை.

எழுதக் கூடாது. தாள் அகப்பட்டால் ஆபத்து. எல்லாம் வாய்ப்பாடம். மாஸ்டர் இடது கையைத் தூக்கினால் போனவன் சொல்லைச் சொல்ல வேண்டும். வலது கையைத் தூக்கினால் வரப்போகிறவன் சொல். போனவன் சொல்லை முணுமுணுப்பாகச் சொல்ல வேண்டும், இறந்தவர் பெயரைச் சொல்வதுபோல. வரப்போகிறவன் சொல்லை உரக்கச் சொல்ல வேண்டும். உரக்க என்றாலும் வேலிக்கு வெளியே கேட்கக் கூடாது. உரக்கக் கிசுகிசுப்பது எப்படி என்று அந்தத் தாழ்வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

இடது கை: லாரி. வலது கை: டிரக். இடது: பெட்ரோல். வலது: காஸ். பெட்ரோல் வாசனையையே மறந்திருந்த ஊரில் அதற்கு இரண்டு பெயர். இடது: பிஸ்கட். வலது: குக்கி. உப்பும் இல்லாத கிழங்கைத் தின்றுவிட்டு வந்து, பிஸ்கட்டை இப்படிச் சொல்வதா அப்படிச் சொல்வதா என்று ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். லிப்ட், எலிவேட்டர். நாங்கள் யாரும் அதைக் கண்டதில்லை. மாஸ்டர் மட்டும் சிங்கப்பூரில் ஏறியிருக்கிறார். அது மேலே போகிறதா, பக்கவாட்டில் போகிறதா என்று நான் ஒரு வாரம் குழம்பினேன். கேட்கத் துணியவில்லை. கடைகளுக்கு முன்னால் மழைக்கு ஒதுங்குகிற அஞ்சடி நடைபாதைக்கு அமெரிக்காக்காரன் சைடுவாக் என்பானாம். அமெரிக்காவில் அஞ்சடி இருக்கிறதா என்று ஒருத்தன் கேட்டதற்கு, "இருக்கு, ஆனா அகலம்" என்றார் மாஸ்டர்.

இடது: ஆட்டம். வலது: ஃபால். இந்த இரண்டு சொற்களை மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார். மரத்து இலையெல்லாம் உதிர்கிற காலமாம்.

"ரப்பர் மரம் உதிருமே, அந்த மாதிரியா மாஸ்டர்?"

"அதில்ல. இது மொத்தமா உதிரும். ஊரே உதிரும்."

"அப்புறம் எப்படி இருப்பாங்க?"

"கோட்டுப் போட்டுப்பாங்க. கிழங்க உரி."

படப்புத்தகத்தை வாரம் ஒருமுறை எடுப்பார். பனியைத் தள்ளுகிற மண்வெட்டி, குளிருக்குப் போடுகிற காது மூடி, சறுக்குப் பலகை. நடுவில் இருபது பக்கம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவை பெண்களின் உள்ளாடைப் பக்கங்கள். எங்கள் ஒழுக்கத்தைக் காக்க மரவள்ளி மாவுப் பசை போட்டு மாஸ்டரே ஒட்டியிருந்தார். பசைக்குச் செலவான மாவில் ஒரு குடும்பம் ஒரு வேளை கஞ்சி குடித்திருக்கலாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாக்கா செட்டிக் குடும்பம் இருந்தது. நம்மைப்போல் திருநீறு பூசுவார்கள், சாமி கும்பிடுவார்கள், ஆனால் பேச்செல்லாம் மலாய். அந்த வீட்டு அம்மாவுக்கு எங்கள் வகுப்பின் ரகசியம் இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, "மானா ஓராங் பூத்தே டாத்தாங் புன், கீத்தா மாக்கான் ஊபி ஜுகா" என்பார். எந்த வெள்ளைக்காரன் வந்தாலும் நாம் தின்பது கிழங்குதான் என்று அர்த்தம். மாஸ்டர் அதற்குப் பல்லைக் காட்டுவார், ஏனென்றால் அந்த அம்மா வாயைத் திறந்தால் இவர் உள்ளே போக வேண்டும். அந்த அம்மாவுக்கு என் வயதில் ஒரு மகள். படிக்க வர மாட்டாள். வேலிக் கட்டையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு நாங்கள் உரக்கக் கிசுகிசுப்பதைப் பார்த்துச் சிரிப்பாள்.

மாஸ்டரிடம் ஒரு சட்டம் இருந்தது. வலது கைக்குப் போனவன் சொல் வந்துவிட்டால் மரவள்ளிக் குச்சியால் விரல் முட்டியில் ஒரு போடு. "வாயில வந்த பழசை முழுங்கு. முழுங்கிட்டுப் புதுசச் சொல்லு" என்பார். மற்றவர்கள் அடியை வாங்கிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அடியைவிட அத்தனைபேர் என்னைத் திரும்பிப் பார்ப்பதுதான் பெரிது. அதனால் நான் எந்தக் கையானாலும் முதலில் முழுங்குவேன். முழுங்கி, சரிபார்த்து, பிறகுதான் வாயைத் திறப்பேன். ஒரு தப்பும் வராது. "இந்தப் பிள்ளயப் பாருங்க, அடியே வாங்குறதில்ல" என்று மாஸ்டர் அப்பாவிடம் மெச்சினார். அப்பா அன்று சைக்கிளைத் துடைத்தார்.

என் பக்கத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி உட்காருவாள். அவளுடைய அண்ணனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம். மலாக்காவில் கிடந்த தண்டவாளத்தையே பெயர்த்து அங்கே கொண்டுபோயிருந்தார்கள். ஆளும் திரும்பவில்லை, தண்டவாளமும் திரும்பவில்லை. ஒரு நாள் மாஸ்டர் அவளைப் பார்த்து இடது கையைத் தூக்கினார்.

"ரயில்வே" என்றாள்.

வலது கையைத் தூக்கினார். அவள் கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"ரயில்ரோடு. சொல்லு. முக்கியமான சொல்லு இது."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை. மாஸ்டர் எங்களிடம், "பொம்பளப் பிள்ளைங்களுக்குப் பொறுமை இல்ல" என்றார். அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவும் இல்லை. அவளுடைய கிழங்கையும் சேர்த்து நான் உரித்தேன். அன்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டரை மட்டும் பழித்தால் நியாயம் இல்லை.

பிறகு ஜப்பான்காரன் தோற்றான். லாரிகள் வந்தன. டிரக்குகள் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் வந்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்த பஞ்சாபிச் சிப்பாய்களும் தமிழ்ச் சிப்பாய்களும், அவர்களுக்கு மேலே பழைய மாதிரியே சிவந்த கழுத்துத் துரைமார். அமெரிக்காக்காரன் ஒருத்தன்கூட இல்லை. ஊரெல்லாம் மாஸ்டரைக் கேலி செய்தது. மாஸ்டர் அசரவில்லை.

"இவனுங்க முன்னாடி வந்து கூட்டிப் பெருக்குற ஆளுங்க. வீட்டுக்காரன் பின்னாடிதான் வருவான்."

அப்பா மட்டும் அதை நம்பினார். நம்பினார் என்றும் சொல்ல முடியாது. நம்பாமலும் இருக்க முடியவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை துரையை நம்பி ஏமாந்தவர், இந்தத் துரை எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும் என்பார்.

சில மாதங்களில் இங்கிலீஷ் பெண்கள் பள்ளி திறந்தது. வயது கூடின பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்து எடுப்பார்களாம், ஆனால் இந்த ஒரு தடவைதான் என்றார்கள். எனக்குப் பன்னிரண்டு முடிய ஏழு வாரம் இருந்தது. அம்மா தன் பழைய புடவையில் பாவாடை தைத்துப் போட்டார். சைக்கிளில் ஏறும்போது மாஸ்டர் வாசலில் நின்றார்.

"பாப்பா, வரப்போறவன் சொல்லையே சொல்லு. பின்னாடி மாத்த வேண்டி வராது பாரு."

அப்பா சைக்கிளை மிதித்தார். கொஞ்ச தூரம் போனதும், "எதக் கேட்டாலும் டக்குனு சொல்லிரு பாப்பா" என்றார்.

"எந்தச் சொல்லப்பா?"

கயிறு திணித்த டயர் கட்டக் கட்டக் என்று போய்க்கொண்டிருந்தது. துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார்.

"அவரக் கேட்டுக்க" என்றார்.

பெற்ற அப்பா முடிவு செய்யாததைப் பிள்ளையார் தலையில் கட்டினோம். பிள்ளையார் எந்தக் கட்சி என்று சொல்லவில்லை.

பள்ளியில் ஒரு நீள மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார மேடம் ஒருவர், பக்கத்தில் சட்டைக்கார, அதாவது யுரேசியக் குடும்பத்து டீச்சர் ஒருவர். சுவரில் பெரிய படம். சமையலறை. ஒரு வெள்ளைக்காரத் தாய், தொட்டிலில் குழந்தை, தட்டில் பிஸ்கட், தண்ணீர்க் குழாய், ஜன்னல் திரை. வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாகப் போக வேண்டும். மேடம் ஒரு குச்சியால் தொடுவார், பிள்ளை பெயர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. படத்தைப் பார்த்த உடனே எனக்கு உயிர் வந்தது. அதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாதது இல்லை.

மேடம் குழாயைத் தொட்டார்.

டேப் என்று நாக்கு நுனிக்கு வந்தது. முழுங்கினேன். ஃபாசெட் என்று வந்தது. குச்சி பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்த்தேன். இவர் போனவரா, வரப்போகிறவரா, போய்த் திரும்பி வந்தவரா? அந்த மூன்றாவதற்கு மாஸ்டரிடம் கை கிடையாது. அதையும் முழுங்கினேன். மேடம் பிஸ்கட்டைத் தொட்டார். திரையைத் தொட்டார். ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டாக வந்து, இரண்டிரண்டாகத் தொண்டைக்குள் போயின. வரிசையில் நின்ற பிள்ளைகளெல்லாம் என்னையே பார்த்தார்கள். அதன்பிறகு குச்சி எங்கே போனதென்றே எனக்குத் தெரியவில்லை. குழந்தைக்கு இரண்டு தரப்பிலும் ஒரே சொல்தான். அதையும் நான் சொல்லவில்லை.

டீச்சர் மலாயில், பேச வருமா உனக்கு என்று கேட்டார். கோபமாக இல்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வரும் என்று தலையை ஆட்டினேன். மேடம் தாளில் என்னவோ கிறுக்கினார்.

எனக்கு அடுத்து நின்றவள் செட்டி வீட்டு வேலிக்கட்டைக்காரி. அவளுக்கு ஒரு இங்கிலீஷ் சொல் தெரியாது. மேடம் குழாயைத் தொட்டதும், "பாய்ப்" என்றாள் மலாயில். பிஸ்கட்டைத் தொட்டதும், "கூவே" என்றாள். குழந்தையைப் பார்த்து, "பூடாக்" என்று சொல்லிவிட்டு, அதன் மொட்டைத் தலையைக் காட்டித் தன் தலையையும் தடவிச் சிரித்தாள். மேடமும் சிரித்துவிட்டார். மேடம் இங்கிலீஷில் ஒவ்வொன்றாகச் சொல்ல, இவள் திருப்பிக் கத்தினாள். அந்த அறையில் உரக்கக் கேட்ட ஒரே குரல். அவளை எடுத்துக்கொண்டார்கள்.

அப்பாவை டீச்சர் வெளியே வந்து பார்த்தார். இந்தப் பிள்ளைக்கு இன்னும் பழகவில்லை, அடுத்த வருடம் கூட்டிவாருங்கள் என்றார். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் என்று அப்பா சொன்னார். "டியா தாவு, டீச்சர், டியா தாவு" என்றார் அப்பா. அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். ஒரு கையில் தொப்பி. அதை முறுக்கிக்கொண்டே சொன்னார். டீச்சர் என்னைப் பார்த்தார். இப்போதாவது சொல்லேன் என்பதுபோல் இருந்தது. நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

தெருவுக்கு வந்ததும் அப்பா வெகுநேரம் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார்.

"அந்தப் பிள்ள மலாய்லதான சொன்னுச்சு?"

"ஆமாப்பா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏன், தெரியலயா?"

"ரெண்டும் தெரியும்ப்பா."

அப்பா சைக்கிளில் ஏறி, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதமே மாஸ்டர் மறுபடி வகுப்பு ஆரம்பித்தார். இப்போது ஒளிவு மறைவு இல்லை, வாசலில் பலகை போட்டு. பழைய துரைமார் பேசும் சுத்த இங்கிலீஷ் என்று பலகையில் எழுதியிருந்தது. இடது கையில் இருந்ததெல்லாம் வலது கைக்கு வந்துவிட்டது. டிரக் என்று சொன்னவனுக்கு அடி, லாரி என்று சொன்னவனுக்கு மெச்சல். மனிதருக்கு ஒரு கூச்சம் இல்லை. எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"பாப்பாவ அனுப்புங்க. ரெண்டு வாரத்துல திருப்பிப் போட்டுருவேன். பிள்ளைக்கு எல்லாம் தெரியும், கைய மாத்தணும், அவ்வளவுதான்."

அப்பா அவரை நேராகப் பார்க்கவில்லை. ஒரு சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைச் சரிபார்ப்பதுபோல் குனிந்திருந்தார். அம்மாதான் வாசலுக்கு வந்தார்.

"ஸ்கூல்ல இடம் இல்லன்னுட்டாங்க மாஸ்டர். அதான் சேக்கல."

"இடம் இல்லயா? அந்தச் செட்டி வீட்டுப் பிள்ளய எடுத்திருக்காங்களே."

"அதுக்கு முன்னாடியே பேர் குடுத்துட்டாங்களாம்" என்றார் அப்பா, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

அம்மாவுக்கு அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தது அப்பாதான். என் வாய் திறக்கவில்லை என்பதை வீட்டுக்குக்கூடக் கொண்டுவராமல் வழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அன்று கதவுக்குப் பின்னால் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. மாஸ்டர் நம்பினாரோ என்னவோ, போய்விட்டார். அப்பா கடைசிவரை எல்லோரிடமும் அப்படியேதான் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எத்தனாவது வரை படிப்பு என்று கேட்டபோதும், நாலாவது, அப்புறம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை என்றார். என் வீட்டுக்காரரிடமும் நான் அதையே சொன்னேன். பிள்ளைகளுக்கும் அதுதான் தெரியும்.

இடம் இருந்தது.